இன்னும் ஒரு வாய்

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் இரண்டு குடும்ப ஸ்திரீகள் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "சௌக்கியமா?" என்று கேட்பதற்கு முன்பே இருவர் பார்வையும் சற்றுக் கீழே இறங்கி, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையின் கன்னத்தில் போய் நிற்கும். உடனே தீர்ப்பு வெளியாகும். "என்ன இது, பையன் இப்படி இளைச்சுப் போயிட்டானே!" என்றால் அந்தத் தாயின் முகம் வாடிவிடும். அன்று இரவு அந்த வீட்டில் நெய் ஒரு கரண்டி கூடுதலாகச் செலவாகும். "நல்லாத் தேறியிருக்கான், திருஷ்டி சுத்திப் போடு" என்றால், தானே ஒரு பெரிய பரீட்சையில் தேறிவிட்டவளைப்போல் அவள் தலை நிமிரும்.

நமது பாஷையும் இதற்கு உடந்தையாக இருக்கிறது. சதைப் பிடிப்புள்ள குழந்தைக்கு நாம் வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள்: கொழுகொழு, மொழுமொழு, பூசினாற்போல், வாட்டசாட்டம். சொல்லும்போதே நாக்கில் வெண்ணெய் தடவியதுபோல் இருக்கிறது. மெலிந்த குழந்தைக்கோ நோஞ்சான், சவலை, ஒட்டடைக்குச்சி, எலும்பும் தோலும்! இந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில், சரியான எடையுள்ள குழந்தைக்கு என்று பாராட்டாக ஒரு சொல் இருக்கிறதா என்று வெகு நேரம் யோசித்துப் பார்த்தோம். அகப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் மாணாக்கர்களின் உயரத்தையும் எடையையும் எடுக்கிறோம். அந்த ஏட்டைப் புரட்டினால் ஒரு காலத்தில் நமது கவலையெல்லாம் ஒரே திசையில் இருந்தது தெரியும். யார் யார் எடை குறைவு, யாருக்கு இரத்தம் போதாது, யார் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதே பேச்சு. இப்போது அதே ஏட்டில் மறு கோடியிலும் பெயர்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. இந்தப் பெயர்களுக்குரிய பெற்றோர்களை நாம் அறிவோம். அவர்களுடைய முகங்களைப் பார்க்கும்போது, இது சோற்றைப் பற்றிய விஷயம் மட்டும் அன்று என்ற எண்ணம் நமக்கு வரவர உறுதிப்பட்டுவிட்டது. பிள்ளையின் தட்டில் விழும் ஆகாரத்தின் அளவைப் பல வீடுகளில் பிள்ளையின் பசி நிர்ணயிப்பதில்லை. பெற்றோரின் மனம் நிர்ணயிக்கிறது.

மனம் இப்படியானதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். நமது அண்டைப் பிரதேசங்களான வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்கள் அதில் பட்ட பாடு கொஞ்சமன்று. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்ற கனவான் கணக்குப் போட்டார். அது நாற்பது ரூபாய் எடைகூட இல்லாத தானியம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு, சுதந்திரம் வந்த பின்பும், 1965, 1966-ஆம் வருஷங்களின் வறட்சியில் அரிசிக்கு வரிசையில் நின்ற பாட்டிமார்கள் இன்றைக்கும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்நாட்களில் குழந்தையின் கன்னத்துச் சதை என்பது கையிருப்புப் பணம். ஒரு பேதி, ஒரு அம்மை, ஒரு நீண்ட ஜுரம் வந்தால் உடம்பு அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். கையிருப்பு இல்லாத குழந்தை போய்விடும். ஆகவே பாட்டி பேரனைப் பார்த்து, "இளைச்சுட்டானே!" என்று பதறுவதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சிரிப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். அவள் தன் அநுபவத்தைத்தான் பேசுகிறாள். அநுபவம் நடந்த காலம் மாறிவிட்டது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். 1920-களில் லேடி ரீடிங் முயற்சியால் இந்தியாவெங்கும் 'குழந்தை வாரம்' கொண்டாடினார்கள். குழந்தைக் கண்காட்சிகளில் பரிசு பெற்ற செல்வங்களின் புகைப்படங்களைப் பழைய பத்திரிகைகளில் பார்க்கலாம். மணிக்கட்டில் மடிப்பு விழாத குழந்தை எதுவும் அதில் இடம் பெறுவது அபூர்வம். டப்பாப் பால் மாவு வியாபாரிகள் பக்கத்திலேயே விளம்பரம் போட்டார்கள். அந்த மடிப்பு நமது மனத்தில் அன்று விழுந்தது, இன்னும் நிமிரவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். உலகமெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 'லான்ஸெட்' பத்திரிகையில் 2024-இல் வெளியிட்ட விவரப்படி, இந்தியாவில் 5 வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களில் உடற்பருமன் நோய் உடையவர்கள் 1990-இல் சுமார் 4 லட்சம் பேர். 2022-இல் 1 கோடியே 25 லட்சம் பேர்! சென்னையில் 6 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 19,000 பிள்ளைகளை அளந்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, தனியார் பள்ளிகளில் 100-க்கு 21 பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள் என்றும், அரசாங்கப் பள்ளிகளில் 100-க்கு 4 பேர்கூட இல்லை என்றும் கண்டது. இதற்காக வறுமை ஒழிந்துவிட்டதாக யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 100-க்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். ஒரே வீதியில், சில சமயம் ஒரே பெஞ்சில், இருவரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு நமது உடம்பின் அமைப்பே விசித்திரமானது. புனாவில் டாக்டர் யாஜ்னிக் என்பவர் 1990-களில் தொடங்கி நடத்திய ஆராய்ச்சியில், நமது நாட்டுச் சிசுக்கள் ஐரோப்பியச் சிசுக்களைவிட எடை குறைந்தும், அந்தக் குறைந்த எடைக்குள்ளேயே கொழுப்பின் பங்கு மிகுந்தும் பிறக்கின்றன என்று கண்டார். 'ஒல்லிக் கொழுப்பர்' என்று நாம் சொல்லலாம். இப்படிப் பிறந்த குழந்தையைப் பிற்பாடு திணித்துத் திணித்துக் கொழுக்க வைத்தால், நீரிழிவு அதன் வாசலில் முன்னதாகவே வந்து நிற்கிறது. ஆகையால்தான் இந்தியக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் 2015-இல் வகுத்த அட்டவணையில், மேல்நாட்டாரைவிடக் குறைந்த அளவிலேயே எச்சரிக்கைக் கோடு போட்டிருக்கிறார்கள்.

பெற்றோர் மனத்துக்கு வருவோம். நமது ஊரிலேயே, மிகவும் புனிதமான ஒரு வரலாற்றில், இதன் ஒரு காட்சி இருக்கிறது. 1896-இல் மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையனாக வந்து சேர்ந்த வேங்கடராமன், பாதாள லிங்கத்தடியில் உடம்பின் நினைவே இல்லாமல் அமர்ந்திருந்ததை இவ்வூரார் அறிவார்கள். 1898-ஆம் வருஷக் கடைசியில் அவருடைய தாயார் அழகம்மாள், மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்து தன் பிள்ளையைக் கண்டார். சடையும் அழுக்கும் வளர்ந்த நகமுமாய், மெலிந்து கிடந்த உருவம்! அந்த அம்மாள் என்ன செய்தார்? அழுதார், வீட்டுக்கு வரும்படி மன்றாடினார், அதோடு நாள்தோறும் பக்ஷணங்கள் கொண்டுவந்து வைத்தார். பிற்காலத்தில் ஸ்ரீ ரமண மகரிஷி என்று உலகம் போற்றிய அந்தப் பிள்ளை, ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் காட்டியதோடு சரி, அசையவில்லை. 1916-இல் அழகம்மாள் நிரந்தரமாக வந்து சேர்ந்து, ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். அதுவரை பிக்ஷையில் நடந்துவந்த இடத்தில் அன்றுமுதல் சமையல் நடந்தது.

மகானுடைய வாழ்க்கையை உடற்பருமன் கட்டுரையில் இழுத்துவிட்டதற்காகப் பக்தர்கள் கோபிக்க வேண்டாம். துக்கத்தையும் பயத்தையும் சொல்ல வார்த்தை கிடைக்காதபோது ஒரு தாயின் கை எதைத் தேடிப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் நமக்குத் தெரியாது. கை தின்பண்டத்தைத் தேடிப் போகிறது.

இதையே ஒரு பெண்மணி அமெரிக்காவில் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்தார். ஹில்டே புரூக் என்று பெயர். ஜெர்மனியில் பிறந்த யூத வைத்தியர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-இல் நாட்டை விட்டுப் புறப்பட்டு, அடுத்த வருஷம் நியூயார்க் நகரை அடைந்தார். அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பருத்த குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வருவதைக் கண்டார். சுரப்பிக் கோளாறு என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. புரூக் அளந்து பார்த்ததில் பெரும்பாலோருக்குச் சுரப்பியில் கோளாறே இல்லை. பிறகு வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களிடம் பேசினார். 1940-இல் தம் முடிவுகளை எழுதினார். அநேகம் பேர் பிற தேசத்திலிருந்து வறுமையோடு குடியேறியவர்கள். சிறு வயதில் பசியை அறிந்தவர்கள். புதிய ஊரில் பயமும் தனிமையுமாய் இருந்த அவர்களுக்கு, பிள்ளைக்குத் தடையில்லாமல் கொடுக்கக்கூடியதாக அகப்பட்டது சாப்பாடு ஒன்றுதான். வெளியே விளையாட அனுப்பப் பயம், அழுதால் அப்பம். பிற்காலத்தில் புரூக் இன்னும் ஒன்று சொன்னார். குளிரால் அழுதாலும் தூக்கத்தால் அழுதாலும் பயத்தால் அழுதாலும் வாயில் சோற்றையே வைத்துப் பழக்கிய குழந்தை, தன் வயிற்றுப் பசி எது, மனத்துப் பசி எது என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வதில்லை என்றார்.

இங்கே நாம் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். புரூக்கின் எழுத்தைப் படித்த பலர் அவருடைய அநுதாபத்தைக் கீழே போட்டுவிட்டு, "தாய்தான் குற்றவாளி" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அது அநியாயம். 1986-இல் ஸ்டங்கார்டு என்பவர் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடல்வாகு வளர்த்த பெற்றோரை ஒத்திருக்கவில்லை, பெற்ற பெற்றோரையே ஒத்திருந்தது என்று தெரிந்தது. 1994-இல் 'லெப்டின்' என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் உள்ள கொழுப்பு, "கையிருப்பு போதும்" என்று மூளைக்கு அனுப்பும் தூது அது. மூன்று வருஷத்துக்குப் பிறகு, அந்தத் தூது பிறவியிலேயே இல்லாத இரண்டு குழந்தைகளை இங்கிலாந்தில் அடையாளம் கண்டார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் அவர்களுக்குப் பசி அடங்காது. அந்தக் குழந்தைகளின் தாய்மாரைக் குறை சொல்வதைவிடப் பெரிய பாவம் உண்டா? உடல்வாகு பரம்பரையில் வருகிறது என்பது வாஸ்தவம். ஆனால் 4 லட்சம் 1 கோடியே 25 லட்சமான முப்பத்திரண்டு வருஷத்தில் பரம்பரை மாறிவிடாது. மாறியது வீடும், கடைவீதியும், பெற்றோரின் நாளும் பொழுதும்.

மனம் எந்த வழியாகத் தட்டுக்கு வருகிறது என்பதைப் பற்றி இப்போது ஓரளவு தெரிந்திருக்கிறது. முதலாவது கண். பருத்த பிள்ளைகளின் பெற்றோர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தங்கள் பிள்ளையின் எடை சரியாகவே இருக்கிறது என்றோ குறைவு என்றோ நினைக்கிறார்கள் என்று பல தேசங்களின் ஆராய்ச்சிகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். அடிமுடி காண முடியாத அண்ணாமலையாரின் ஊரில் இருக்கிறோம் என்றாலும், ஆறடிக்குள் அடங்கிய பிள்ளையின் அளவை ஒரு தராசும் ஓர் அளவுகோலும் சொல்லிவிடும். பாசம் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

இரண்டாவது, சோர்வு. நாட்பட்ட மனச்சோர்வுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு எடை மிகும் அபாயம் கூடுதல் என்று பல ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. வந்து போகும் சோர்வுக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. காரணம் ஊகிக்க எளிது. மனம் ஒடிந்தவளுக்கு அடுப்படியில் நிற்கத் திராணி இல்லை. கடையில் பொட்டலம் இருக்கிறது. கைபேசியைக் கொடுத்தால் பிள்ளை இரண்டு மணி நேரம் அசையாது. இரவில் வேளையோடு தூங்கவைக்கும் போராட்டத்துக்குப் பலம் இல்லை. இவற்றில் எதையும் அவள் பிள்ளையின் மேல் அன்பு குறைந்து செய்வதில்லை.

மூன்றாவது, அதிகாரம். இது இரண்டு பக்கம் கூரானது. "தட்டைக் காலி செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது" என்பது ஒரு பக்கம். "நீ இதைத் தொடவே கூடாது" என்பது மறு பக்கம். 1999-இல் பிஷர், பர்ச் என்ற இரண்டு பெண்மணிகள் சின்னக் குழந்தைகளின் முன் இரண்டு வகைத் தின்பண்டங்களை வைத்தார்கள். ஒன்றை இஷ்டம்போல் எடுக்க விட்டு, மற்றதை உள்ளே இருப்பது தெரியும்படியான பாத்திரத்தில் மூடி வைத்தார்கள். குழந்தைகளின் பேச்சும் ஏக்கமும் மூடிய பாத்திரத்தையே சுற்றின. திறந்துவிட்டபோது அதையே அதிகம் தின்றார்கள். நமது பாட்டிமார் முறுக்கு டப்பாவைப் பரண்மேல் வைத்த காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த சங்கதிதான்! அதற்கு முன்பே, 1920-களில் தொடங்கி அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற வைத்தியர் பால் மறந்த பதினைந்து குழந்தைகளுக்குச் சாதாரணமான பல உணவுகளை முன்னால் வைத்து, எதையும் வற்புறுத்தாமல், அவர்களே தேர்ந்தெடுத்துச் சாப்பிடவிட்டு வருஷக்கணக்காகக் கவனித்தார். எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். தட்டுகளில் சர்க்கரைப் பண்டம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளாரா அம்மையாரின் தந்திரம் அதில்தான் இருந்தது.

இந்த ஊரில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் அன்னதானம் நடக்கிறது. தானங்களிலே அன்னதானத்துக்கு உயர்வு கற்பிக்கும் நமது பெரியவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள்: பொன்னைக் கொடுத்தாலும் பூமியைக் கொடுத்தாலும் வாங்குகிறவன் போதும் என்று சொல்லமாட்டான், அன்னம் இட்டால் மட்டுமே வாய் திறந்து "போதும்" என்பான். இந்தப் பெருமையை வழிப்போக்கனுக்கும் சாமியாருக்கும் கொடுத்திருக்கிறோம். வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. குழந்தை "போதும்மா" என்று முகத்தைத் திருப்பினால் என்ன ஆகிறது? "காக்காய்க்கு ஒரு வாய். அப்பாவுக்கு ஒரு வாய். நிலாவுக்கு ஒரு வாய். சமர்த்தோன்னோ, இன்னும் ஒரே ஒரு வாய்." காகத்தின் வயிறும் நிலாவின் வயிறும் கணக்கில் உண்டு, குழந்தையின் வயிறு மட்டும் இல்லை. இப்படி ஏழெட்டு வருஷம் ஆனபின், "போதும்" என்று வயிறு சொல்லும் சொல் பிள்ளையின் காதிலேயே விழாமல் போய்விடுகிறது.

நமது வகுப்பில் படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர் பேர் வேண்டாம். ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயது, உயரம் 148 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. கணக்கில் கெட்டிக்காரன். பிள்ளைகள் அவனை அழைத்த பெயரை வாசகர்களே ஊகிக்கலாம். விளையாட்டு மணி வந்தால் வயிற்று வலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுவான். அவன் கொண்டுவரும் டிபன் பாத்திரம் நாலு அடுக்கு. மத்தியானம் அதைத் திறக்கும்போது அவன் முகத்தில் ஆவலைவிட அலுப்பே தெரிந்தது நமக்கு விசித்திரமாக இருந்தது. பாதியை வைத்துவிட்டால் வீட்டில் அம்மா அழுவார்களாம்.

தகப்பனார் பெங்களூரில் வேலை. மாதம் ஒரு முறை வருவார். தாயாரை வரவழைத்துப் பேசினோம். எடையைப் பற்றி நாம் ஆரம்பித்ததுமே அந்த அம்மாள், "சார், எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. மாமியாரும் சொல்றாங்க, டாக்டரும் சொல்றாரு. நீங்களும் சொல்லுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். "நாங்கள் ஒன்றும் சொல்லப் போவதில்லை அம்மா, பையன் குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்தான், அதைச் சொல்லுங்கள்" என்றோம். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு, "இவன் ரெண்டாவது சார்" என்றார். முதற் குழந்தை பதினொரு மாதத்தில் வாந்தியும் பேதியும் கண்டு ஒன்றரை மாதம் இழுத்துக்கொண்டிருந்து போய்விட்டது. கடைசியில் ஆஸ்பத்திரித் தராசில் போட்டபோது ஐந்து கிலோ. அந்த எண்ணை அவர் சொன்ன விதத்தை நாம் இங்கே எழுத முடியாது. "அதுவும் கடைசி நாள்ல வாயைத் திறக்கலை சார். ஒரு வாய் வாங்கியிருந்தா பிழைச்சிருக்கும்னு எனக்கு இன்னிக்கும் தோணுது. இவன் வேண்டாம்னு சொன்னா எனக்கு உடம்பு நடுங்குது."

நேயர்களே, இந்த அம்மாளிடம் போய், "எண்ணெயைக் குறை, இனிப்பை நிறுத்து" என்று ஒரு காகிதத்தை நீட்டுவதால் என்ன பிரயோஜனம்? ஒரு காகிதம் ஏற்கெனவே அவர் கைப்பையில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒவ்வொரு வேளையும் இரண்டு குழந்தைகளுக்குச் சோறு பரிமாறப்பட்டு வந்திருக்கிறது. சாப்பிட்டது ஒரு குழந்தை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே போகச் சொன்னபோது, "எனக்கென்ன பைத்தியமா சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நமது சமூகம் எத்தனை பேர் வாயில் ஊட்டி வைத்திருக்கிறது! தகப்பனாருக்கு எழுதினோம். அவர் நல்ல மனிதர். அடுத்த வாரமே வந்து, தாமே மனைவியை அழைத்துக்கொண்டு போனார். போன இடத்தில் அவரும் பேச நேர்ந்ததாம். முதற் குழந்தையின் பெயரைக் கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் உச்சரித்தே பத்து வருஷம் ஆகியிருந்ததென்று பிற்பாடு நம்மிடம் சொன்னார்.

தகப்பன்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை ஆகாரத்தையும் பெற்றோர் மனத்தையும் பற்றிய ஆராய்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை தாய்மார்களையே கேள்வி கேட்டு நடந்தவை. பத்திரத்தை நிரப்ப வருகிறவள் அவள்தான். ஆகவே குற்றப் பத்திரிகையிலும் அவள் பெயரே வருகிறது. சனிக்கிழமை இரவு வேலையிலிருந்து வந்து, வாரமெல்லாம் பாராத பிள்ளைக்குப் பரோட்டாவும் ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்துத் தன் மனச்சாட்சியைத் தூங்கவைக்கும் தகப்பனைப் பற்றி யாராவது ஒரு பெரிய புஸ்தகம் எழுதலாம்.

வீட்டுக்கு வெளியே உள்ளவர்களும் சும்மா இருந்துவிட முடியாது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விதி செய்தார்கள். 2025-இல் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் எந்தப் பானத்தில் எத்தனை சர்க்கரை என்று காட்டும் பலகை மாட்டச் சொன்னார்கள். நல்ல காரியங்கள். ஆனால் நாட்டில் எத்தனையோ பள்ளிகளில், பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டு மணியைக் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்கிக்கொள்கிறார்; கடன் திரும்பி வருவதில்லை. அதற்குப் பலகை யார் மாட்டுவது? பெற்றோர்கள் இதைக் கண்டித்து வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இன்னும் ஒரு மணி கூடுதலாக எடுக்கச் சொல்லித்தான் வருகிறார்கள். மதிப்பெண்ணிலும் அதே "இன்னும் ஒரு வாய்"தான்.

வகுப்பில் கேலி செய்வதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். அவமானப்பட்ட பிள்ளை இளைப்பான் என்பது பெரியவர்களுடைய மூடநம்பிக்கை. பரிகாசத்துக்கு ஆளான பிள்ளைகள் பிற்பாடு அதிகமாகவே பருக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வெட்கத்தோடு ஒளிந்து தின்பதில் அளவு தெரியாது அல்லவா?

எலின் சட்டர் என்ற அமெரிக்க அம்மையார் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்தார். என்ன ஆகாரம், எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாகம். சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பாகம். ஒருவர் பாகத்தில் மற்றவர் கை வைக்கலாகாது. கேட்க எளிதாக இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதை நாம் சொன்னபோது, ஒரு பாட்டி அம்மாள் எழுந்து, "அப்போ குழந்தை வேணாம்னா பட்டினியா போடறது?" என்று கேட்டார். அடுத்த வேளை வரும் அல்லவா என்றோம். "அடுத்த வேளை வரும்னு எங்க காலத்திலே யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பையனின் தாயார் ஏழெட்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். முதல் மாதங்களில் ஒரு மாறுதலும் இல்லை. நாலு அடுக்கு நாலு அடுக்காகவே வந்தது. ஐந்தாம் மாதத்தில் ஓர் அடுக்கு குறைந்தது. ஒருநாள் நம்மைப் பார்க்க வந்தபோது, "நேத்து ராத்திரி ரெண்டு தோசையோட போதும்னான் சார். நான் கரண்டியைக் கீழே வெச்சுட்டு உள்ளே போய் உட்கார்ந்துட்டேன். பத்து நிமிஷம் ஆச்சு நடுக்கம் நிக்க. அப்புறம் வந்து பார்த்தேன், நல்லாத் தூங்கறான்" என்றார்.

பையன் இப்போது எட்டாம் வகுப்பு. சென்ற மாதம் அளந்தபோது உயரம் 154, எடை 67. உயரம் ஏற ஏற எடை நின்றால் போதும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அமாவாசைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டம் இல்லாத கிரிவலப் பாதையில், தாயும் மகனும் விடியற்காலையில் நடக்கிறார்கள். முழுதும் சுற்றுவதில்லை, அடி அண்ணாமலை வரை போய், ஒரு பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். விளையாட்டு மணியில் அவனுக்கு இன்னமும் அவ்வப்போது வயிற்று வலி வருகிறது. அடுத்த அளவெடுப்பு தை மாதத்தில்.